ராஸ் பார்ன்ஸை வீழ்த்தியது விதி மாற்றமா, காய்ச்சலா?

அமெரிக்காவின் ஆரம்பகாலத் தொழில்முறை பேஸ்பாலைப் பற்றிப் பேசுகிறவர்கள் ராஸ் பார்ன்ஸுக்கு ஒரு வாக்கியத்துக்கு மேல் செலவழிப்பதில்லை. விதியில் இருந்த ஓட்டையில் புகுந்து ரன் குவித்தவர், ஓட்டையை அடைத்ததும் ஆள் காலி என்று முடித்துவிடுவார்கள். படிக்கும்போதெல்லாம் எரிச்சல் வருகிறது.

அந்த ஓட்டை இதுதான். அன்றைய விதிப்படி, அடித்த பந்து முதலில் ஆடுகளத்தின் பக்கக் கோட்டுக்கு உள்ளே தரையைத் தொட்டால் போதும். அடுத்த நொடியே வெளியே ஓடினாலும் செல்லும். பார்ன்ஸ் விறகு பிளப்பதுபோல் பந்தின் தலையில் ஒரு தட்டுத் தட்டுவார். அது காலடிக்கு முன்னால் மண்ணில் குத்தி, சுழன்று, மூன்றாவது பேஸுக்கு (அடித்தவர் வரிசையாக ஓடிக் கடக்க வேண்டிய நிலைகளில் ஒன்று) வெளியே ஓடும். துரத்திப் பிடிப்பதற்குள் இவர் முதல் பேஸில் நிற்பார். சரி, இதைத் தடுக்கிறேன் என்று மூன்றாவது பேஸில் நிற்பவர் கோட்டை ஒட்டி வந்தால், அவர் விட்டுவந்த இடைவெளியில் நேராக அடிப்பார். இது ஏமாற்று வேலையா? விதி எல்லோருக்கும் பொதுதானே! மற்றவர்களுக்குக் கை வரவில்லை, அவ்வளவுதான்.

இல்லினாய் மாநிலத்து ராக்ஃபோர்டில், சிறு வயதில் பின்னாளில் புகழ்பெற்ற பந்து வீச்சாளர் ஆல் ஸ்பால்டிங்குடன் ஆடி வளர்ந்தவர். பாஸ்டன் அணி 1872 முதல் 1875 வரை தொடர்ந்து நான்கு முறை பட்டம் வென்றபோது அதன் முதுகெலும்பு. 1876இல் நேஷனல் லீக் என்ற புதிய தொழில்முறைப் போட்டித் தொடர் பிறந்தது. பார்ன்ஸ் சிகாகோவுக்குப் போனார். மே 2ஆம் தேதி சின்சினாட்டியில் அந்த லீக்கின் முதல் ஹோம் ரன் (ஒரே அடியில் எல்லா பேஸ்களையும் சுற்றி வந்து எடுக்கும் ரன்) அவர் அடித்தது. பருவம் முடிந்தபோது 66 ஆட்டங்களில் 126 ரன். பேட்டிங் சராசரி, அதாவது அடிக்கக் கிடைத்த வாய்ப்புகளில் வெற்றிகரமாக அடித்து பேஸை எட்டிய பங்கு, .429. அடுத்த இடத்தில் இருந்தவருக்கு .366. ஆயிரத்துக்கு அறுபது புள்ளிக்கு மேலான இந்த வித்தியாசத்தைத் தட்டி மட்டும் சம்பாதிக்க முடியாது.

1877இல் விதியை மாற்றினார்கள். அதே ஆண்டு பார்ன்ஸ் குளிர்காய்ச்சலில் படுத்தார். 22 ஆட்டங்களோடு சரி. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை. எல்லோரும் காக்கையைப் பிடித்துக்கொண்டார்கள், காய்ச்சலை மறந்துவிட்டார்கள். உடம்பின் பழைய வலு திரும்பவே இல்லை. ஆடாத நாட்களுக்குக் கிளப் சம்பளத்தைப் பிடித்தது. வழக்குப் போட்டுத் தோற்றார். முந்தைய ஆண்டு பட்டம் வாங்கிக் கொடுத்தவருக்குக் கிடைத்த மரியாதை அது.

1879இல் சின்சினாட்டி, 1881இல் மறுபடி பாஸ்டன். இரண்டிலும் சராசரி .300ஐத் தொடவில்லை. 1915இல் சிகாகோவில் இறந்தார்.

பேஸ்பால் மேதைகளைக் கௌரவிக்கும் கூப்பர்ஸ்டவுன் புகழ்க்கூடத்தில் அவர் இல்லை. அதில் இடம்பெற முதல்தர லீக்குகளில் பத்துப் பருவங்கள் ஆடியிருக்க வேண்டும். பார்ன்ஸ் கணக்கில் ஒன்பது. நடுவில் 1878இல் அவர் சும்மா இருக்கவில்லை. கனடாவின் லண்டன் நகர அணிக்கு ஆடினார். அந்த அணி ஆடிய லீக்கைத்தான் முதல்தரப் பட்டியலில் சேர்க்கவில்லை.