அந்த 999 டாலர் யாருக்கு?

ரெண்டு வருஷமா வீட்ல வெறும் பேச்சாவே இருந்த மோட்டார்ஹோமை, அதாவது சமையல், படுக்கை எல்லாம் உள்ளேயே இருக்கிற வண்டியை, போன மாசம் ஒருவழியா வாங்கிட்டோம். ஃப்ளோரிடாவுல டாம்பா பக்கம் ஒரு டீலர், பேர் வேண்டாம். விலை படிஞ்சு கைகுலுக்கி, அவங்க காபியையும் குடிச்சப்புறம்தான் பேப்பர் வந்துச்சு. வரி, டைட்டில் (உரிமைப் பத்திரம்), நம்பர் பிளேட் இதுக்கெல்லாம் நடுவுல "டீலர் சர்வீஸ் ஃபீ 999". நம்மூர்ல மொய்கூட 1001னு எழுதுவாங்க!

கேட்டா, எல்லாரும் கட்டுறதுதான்னார் டீலர். அரசாங்கக் கட்டணத்தோட ஒட்டி உட்கார்ந்திருந்தா யாருக்குத்தான் சந்தேகம் வரும்? என் மனைவிதான் கண்ணாடியைப் போட்டுக்கிட்டு அடியில இருந்த எறும்பு எழுத்தைப் படிச்சா: வண்டியைப் பரிசோதிக்க, சுத்தம் பண்ண, பேப்பர் தயாரிக்க ஆகுற செலவும், டீலரோட லாபமும். லாபம்! ஃப்ளோரிடா சட்டப்படி இந்த வாசகத்தை அவங்க அச்சடிச்சே ஆகணும். ஆனா எவ்வளவு வாங்கலாம்ங்கிறதுக்கு இங்க உச்சவரம்பே கிடையாது. கலிஃபோர்னியாவுல, பேப்பர் வேலைக்குன்னு டீலர் வாங்குற டாக்குமெண்ட் ஃபீ 85 டாலரைத் தாண்டக்கூடாது, நியூயார்க்ல 175.

எனக்குக் கோபம் 999 மேல இல்ல. லாபம் வேணும்னா வண்டி விலையிலயே வெச்சுக்க வேண்டியதுதானே? விளம்பர விலையிலயே இந்த மாதிரி கட்டாயக் கட்டணம் அடங்கியிருக்கணும், வரியும் பதிவுச் செலவும் மட்டும் தனியா வரலாம்னு இதே ஃப்ளோரிடா சட்டம் சொல்லுது. என் போன்ல இருந்த அவங்க விளம்பரத்துல 999 இல்லவே இல்ல. இன்னொரு கூத்து, அந்தச் சட்டம் "வண்டி"ங்கிறதுல மோட்டார்ஹோமைச் சேர்த்துட்டு, இன்ஜின் இல்லாம இழுத்துட்டுப் போற ட்ராவல் ட்ரெய்லரை விட்டுடுச்சு.

மத்திய அரசு? வாங்குறவங்களை ஏமாத்தாம பார்த்துக்கிற ஃபெடரல் ட்ரேட் கமிஷன் 2023 டிசம்பர்ல இந்த மாதிரி விலை விஷயத்துக்காக கார் டீலர்களுக்கு ஒரு விதி கொண்டுவந்தப்பவே மோட்டார்ஹோம், ட்ரெய்லர் எல்லாத்துக்கும் விலக்கு கொடுத்துடுச்சு. அந்த விதியையும் 2025 ஜனவரியில கோர்ட் ரத்து பண்ணிடுச்சு.

வாங்கப் போறவங்க, கிளம்புறதுக்கு முன்னாடியே எல்லாம் சேர்த்து "அவுட் த டோர்" விலை எவ்வளவுன்னு ஈமெயில்ல வாங்கிடுங்க. நான் வாங்கல.

விளம்பரத்தைக் காட்டி அரை மணி நேரம் மல்லுக்கட்டினேன். ஃபீயை எடுக்க சிஸ்டம் விடாதாம். ஆனா வண்டி விலையில 999 குறைக்க அதே சிஸ்டம் விட்டுச்சு.

சாவி வாங்குறதுக்கு முன்னாடி பையன் டார்ச்சோட சிங்க் அடியில படுத்துப் பார்த்தான். பைப் ஜாயிண்ட் சொட்டிக்கிட்டிருந்துச்சு. பரிசோதிச்ச வண்டியாம்.