பாசி வேறங்க, புல்லுருவி வேறங்க
அண்ணா, வால்பாறைப் படத்துக்குக் கீழே, 'மரத்துல இருக்கிற பாசியும் பெரணியும் புல்லுருவிதான், சாறை உறிஞ்சி மரத்தைக் கொன்னுடும், அமெரிக்காவுலயும் அப்படித்தான்'னு போட்டிருக்கீங்க. தப்புங்ண்ணா. நம்ம தோட்டத்து மாமரத்துல வர்ற புல்லுருவிதான் கிளைக்குள்ள வேரை இறக்கித் தண்ணியை இழுக்கும். பாசியும் பெரணியும் பட்டை மேல ஒட்டியிருக்கிறதோட சரி. மழையும் பனிமூட்டமும்தான் அதுகளுக்குச் சோறு.

அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்துல இருக்கிற ஒலிம்பிக் மழைக்காட்டுல கதையே தலைகீழ். மேப்பிள் மரக் கிளையில பாசி கனமா ஏறி, அடியில மக்கி மண்ணாவே ஆயிடுது. மரமே கிளையிலிருந்து அதுக்குள்ள வேர் விடுதுன்னு காட்டு ஆராய்ச்சியாளர் நளினி நட்கர்ணி 1981லயே எழுதிட்டாங்க, கயிறு கட்டி மேல ஏறிப் பார்த்தவங்க. பாரம் தாங்காம கிளை ஒடியறது உண்டு, அது வேற விஷயம். பாசியைச் சுரண்ட ஆள் விடாதீங்க. மாமரத்துப் புல்லுருவியைக் கிளையோட வெட்டச் சொல்லுங்க.