ஹியூமனைஸ் பொத்தான் மட்டும் போதாது
கணினியில் அமைத்த டிரம்ஸ் மனிதர் வாசித்தது போலக் கேட்க, இசை மென்பொருளில் உள்ள ஹியூமனைஸ் பொத்தானை அழுத்தி எல்லா அடிகளின் நேரத்தையும் கொஞ்சம் முன்னே பின்னே சிதறவிட்டாலே போதும் என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை, ஆனால் நான் செய்து பார்த்தவரை அது தாளம் தடுமாறுகிற மாதிரிதான் கேட்கிறது. மனிதர் வாசிக்கும்போது வரும் விலகல் கண்டபடி வருவதில்லை. கிக்கை (காலால் அடிக்கும் பெரிய டிரம்) கிரிட்டிலேயே, அதாவது மென்பொருள் காட்டும் சரியான தாளக் கோட்டிலேயே விட்டுவிட்டு, ஸ்னேரை (குச்சியால் அடிக்கும் கூர்மையான ஒலியுள்ள டிரம்) மட்டும் 8 முதல் 12 மில்லிசெகண்ட் பின்னால் தள்ளுவேன், எல்லா இடத்திலும் ஏறக்குறைய ஒரே அளவு, பாட்டு அப்படியே நிதானமாக உட்கார்ந்துகொள்ளும். அதைவிட முக்கியம் வெலாசிட்டி, அதாவது அடியின் பலத்தைக் குறிக்கும் எண்: ஹை-ஹேட் (ஜோடித் தட்டு) எட்டு அடியும் 100 என்றே இருந்தால் நேரத்தை எவ்வளவு நகர்த்தினாலும் இயந்திரம்தான், ஒன்றுவிட்டு ஒன்றை 70க்கு இறக்கிப் பாருங்கள், கோஸ்ட் நோட்டுகளை (இடையிடையே வரும் மிக மெல்லிய அடிகள்) 30, 40க்குள் வையுங்கள். அப்புறம், டிரம்மருக்கு இரண்டு கைதான், கிராஷ் தட்டும் ஸ்னேரும் சேர்ந்து விழுகிற இடத்தில் ஹை-ஹேட் அடியை அழித்துவிடுங்கள்.