தூரத்தை வேகத்தால் வகுத்தால் போதாது
இரு நகரங்களுக்கு இடையிலான தூரத்தை மணிக்கு 900 கிலோமீட்டர் வேகத்தால் வகுத்தால் விமானம் பறக்கும் நேரம் கிடைத்துவிடும் என்று விமானப் பயண நேரம் பற்றிய ஒரு கட்டுரை கூறுவது தோராயக் கணக்குக்குக்கூட எப்போதும் உதவாது. நியூயார்க்கிற்கும் லண்டனுக்கும் இடையே ஏறத்தாழ 5,550 கிலோமீட்டர்தான். ஆயினும், மிக உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக வேகமாக வீசும் ஜெட் காற்றோட்டத்தின் துணையோடு லண்டன் வரும் விமானம், எதிர்த்திசையில் செல்வதைவிட ஏறக்குறைய ஒரு மணி நேரம் குறைவாகவே பறக்கிறது (2020 பிப்ரவரியில் ஒரு போயிங் 747 இத்தூரத்தை 5 மணி நேரத்திற்குள் கடந்துவிட்டது). அரசியல் தடைகளையோ அக்கட்டுரை தொடவே இல்லை: பின்லாந்தின் ஹெல்சிங்கிக்கும் டோக்கியோவுக்கும் இடையிலான தூரம் மாறாதபோதும், 2022இல் ரஷ்யா தன் வான்வெளியை ஐரோப்பிய விமானங்களுக்கு மூடிய பிறகு, சுமார் ஒன்பதரை மணி நேரமாக இருந்த அந்தப் பயணம், வடதுருவத்தை ஒட்டியோ தெற்கே மத்திய ஆசியா வழியாகவோ சுற்றிச் செல்ல வேண்டியிருப்பதால், ஏறத்தாழ 13 மணி நேரமாக நீண்டுவிட்டது.