இயந்திரக் கைக்கு ஒரு வரிகூடக் கிடையாதா?

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் நடந்தது உங்களில் பலருக்குத் தெரியும். ஆழ்கடல் நீர்மூழ்கிகளின் வரலாறு என்று ஒன்றரை மணி நேரம் பேசினார்கள், கலத்துக்கு வெளியே நீண்டு பொருளைப் பிடித்தெடுக்கும் இயந்திரக் கை பற்றி ஒரு வார்த்தை வரவில்லை. எழுந்து கேட்டேன். "அதெல்லாம் உதிரிபாகம் சார், எவ்வளவு ஆழம் போனார்கள் என்பதுதான் வரலாறு" என்று சொல்லி மைக்கை வாங்கிக்கொண்டார்கள். மூன்று நாளாக உறுத்துகிறது.

சரி, ஆழத்தையே பேசுவோம். 1960 ஜனவரியில் ழாக் பிக்காரும் டான் வால்ஷும் டிரியெஸ்ட் கலத்தில் பசிபிக் கடலின் மரியானா அகழியின் அடிக்குப் போனார்கள். கிட்டத்தட்ட 11 கிலோமீட்டர். இருந்தது 20 நிமிடம். தரை தட்டியதும் சேறு கிளம்பி மூடிவிட்டது, படம்கூட எடுக்க முடியவில்லை. தட்டைமீன் ஒன்றைப் பார்த்ததாகச் சொன்னார்கள், உயிரியலாளர்கள் பலர் இன்னும் நம்பவில்லை. காட்டுவதற்கு ஒன்றுமில்லையே! அவர்களின் துணிச்சலைக் குறைத்துப் பேசுகிறேன் என்று யாரும் கிளம்ப வேண்டாம், எனக்கும் அவர்கள்மேல் மரியாதை உண்டு. கை இருந்தால் மட்டும் மீனைப் பிடித்திருப்பார்களா என்பீர்கள். பிடித்திருக்க மாட்டார்கள்தான். ஒரு பிடி சேறாவது வந்திருக்கும்.

அதே டிரியெஸ்ட் 1963இல் கையோடு இறங்கியது. 129 பேருடன் மூழ்கிப்போன அமெரிக்கக் கடற்படையின் த்ரெஷர் நீர்மூழ்கியைத் தேடி, சுமார் 2,500 மீட்டர் ஆழத்துக்கு. ஒரு வளைந்த குழாய்த் துண்டை எடுத்து வந்தது. அதில் 593 என்று எழுதியிருந்தது. த்ரெஷரின் எண் அது. இதுவா உதிரிபாகம்?

1966இல் ஸ்பெயினின் பலோமாரெஸ் கடலில் விழுந்த ஹைட்ரஜன் குண்டை ஆல்வின் என்ற ஆள் ஏறும் ஆழ்கடல் கலம் கண்டுபிடித்தது. தூக்கும்போது கயிறு அறுந்து குண்டு மறுபடி தொலைந்தது. கடைசியில் கர்வ் என்ற ஆளில்லாக் கலம்தான் தன் கையால் குண்டின் பாராசூட்டில் கொக்கி மாட்டியது, அப்புறம் அதிலேயே சிக்கிக்கொண்டு குண்டோடு சேர்ந்து மேலே வந்தது. கண்டுபிடித்தால் மட்டும் போதாது, பிடிக்க வேண்டும். திரும்பத் திரும்ப இதைத்தான் சொல்கிறேன்.

ஒரே ஒருமுறை, பயிற்சித் தொட்டியில், நானும் அப்படி ஒரு கையை இயக்கியிருக்கிறேன். ஒரு ரப்பர் குழாயை எடுத்துக் கூடையில் போட வேண்டும், அவ்வளவுதான். திரையில் எது முன்னால் எது பின்னால் என்றே தெரியாது. விரல் மூடியது கண்ணுக்குத் தெரிகிறது, பிடித்த உணர்வு மட்டும் வரவில்லை. கொஞ்சம் அழுத்தினேன், குழாய் நசுங்கிவிட்டது. தளர்த்தினேன், நழுவிவிட்டது. நாற்பது நிமிடம் ஆயிற்று. வெளியே வந்தபோது சட்டை முழுக்க நனைந்திருந்தது.

1977இல் பசிபிக் கடலில் கலாபகோஸ் தீவுகள் பக்கம், சுமார் 2,500 மீட்டர் ஆழத்தில், அதே ஆல்வினில் இறங்கியவர்கள் வெந்நீர் ஊற்றுகளைச் சுற்றி உயிர்கள் மொய்ப்பதைக் கண்டார்கள். கப்பலில் ஓர் உயிரியலாளர்கூட இல்லை, எடுத்து வந்தவற்றில் சிலவற்றை வோட்காவில் போட்டு வைத்தார்கள். சூரிய ஒளி இல்லாமலும் உயிர்க்கூட்டம் வாழும் என்பதை அந்த மாதிரிகளை வைத்துத்தான் ஆராய ஆரம்பித்தார்கள். சிப்பியின் ஓடு உடையாமல் இயந்திரக் கையால் அதை எடுத்து வைத்த பைலட்டின் விரல்களுக்கு உங்கள் ஒன்றரை மணி நேரத்தில் ஒரு நிமிடம் இல்லையா? என்னைப் பேசவிடாதது போகட்டும். அவர்களைப் பற்றிப் பேசியிருக்கலாம்.