அமெரிக்க செட்டுக்குப் பணம் கட்டும் முன்னால்

மே மாதம் பிறந்தால் போதும், ஹோம்ஸ்கூலிங் செய்யும் கிறிஸ்தவக் குடும்பங்கள் என்னிடம் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: "அக்கா, ஹிஸ்டரிக்கு எந்த புக் வாங்கலாம்?" கணக்குக்கு யாரும் இப்படிப் பதறுவதில்லை. வரலாறு என்றதும் பயம் வந்துவிடுகிறது. பிள்ளையின் விசுவாசத்தை அசைக்கிற மாதிரி ஏதாவது இருந்துவிடுமோ என்ற பயம். நல்ல அக்கறைதான். ஆனால் அந்தப் பயத்தில் அட்டையில் வேத வசனம் போட்ட எதையும், முக்கியமாக அமெரிக்காவிலிருந்து வரும் கிறிஸ்தவப் பாடநூல் செட்டுகளை, கண்ணை மூடிக்கொண்டு வாங்கிவிடுகிறோம்.

நான் பார்ப்பது வேறு. புத்தகத்தை நடுவில் திறந்து, அது தன் பக்கத்து ஆட்களின் தவற்றை எப்படிச் சொல்கிறது என்று பார்ப்பேன். எதிராளியின் பாவத்தை யார் வேண்டுமானாலும் எழுதிவிடலாம்.

இதை நான் வேதாகமத்திலிருந்துதான் எடுத்தேன். தாவீது பத்சேபாளிடம் செய்ததும், உரியாவைப் போர்முனைக்கு அனுப்பிக் கொன்றதும் இரண்டாம் சாமுவேலில் ஒளிவுமறைவு இல்லாமல் இருக்கிறது. பேதுரு மறுதலித்தது நான்கு சுவிசேஷங்களிலும் இருக்கிறது. இன்னொன்று, நாம் அதிகம் யோசிக்காதது: அதே யூதா ராஜாக்களின் கதையை இராஜாக்கள் ஒரு விதமாகவும் நாளாகமம் இன்னொரு விதமாகவும் சொல்கின்றன. பத்சேபாள் விவகாரம் நாளாகமத்தில் இல்லை. மனாசே மனந்திரும்பியது நாளாகமத்தில் மட்டும் இருக்கிறது. இரண்டையுமே வேதமாக ஏற்று வாசிக்கும் நாம், வரலாற்றுக்கு ஒரே ஒரு 'பாதுகாப்பான' புத்தகம் போதும் என்று எப்படி நினைக்கிறோம்?

சரி, அமெரிக்க செட்டுகளுக்கு வருகிறேன். வழவழ தாள், கலர் படம், வாராவாரம் என்ன படிக்க வேண்டும் என்ற அட்டவணை எல்லாம் உண்டு. வேலைக்கும் போய்க்கொண்டு வீட்டில் பாடமும் நடத்தும் தாய்க்கு அந்த அட்டவணை பெரிய உதவி, மறுக்கவில்லை. விலையும் கப்பல் கூலியும் வேறு விஷயம். ஆனால் அவற்றில் 1620 என்றால் இங்கிலாந்திலிருந்து அமெரிக்காவுக்குக் குடியேறப் போனவர்களின் மேஃபிளவர் கப்பல், வனாந்தரத்தில் தேவன் நடத்திய ஒரு கூட்டம். அதே 1620-இல்தான் நம் தரங்கம்பாடியில் டேனியர்கள் (டென்மார்க்காரர்கள்) டான்ஸ்பார்க் கோட்டையைக் கட்டினார்கள். கடலூர், சிதம்பரம், சீர்காழி வழியாகப் பஸ்ஸில் போய் அந்தக் கோட்டைச் சுவரைத் தொட்டுவிட்டு இருட்டுவதற்குள் வீடு திரும்பிவிடலாம். பாஸ்டன் நகரத் தேயிலை எந்தத் துறைமுகத்தில் கொட்டப்பட்டது என்று ஒப்பிக்கும் பாண்டிச்சேரிப் பிள்ளைக்கு இது தெரியாது.

அந்தச் செட்டுகளில் இந்தியா என்றால் அநேகமாக ஆங்கிலேய மிஷனரி வில்லியம் கேரியில் ஆரம்பித்து சதி (உடன்கட்டை) ஒழிப்பு, அப்புறம் அன்னை தெரசா. கேரி இந்தியாவுக்கு வந்தது 1793. ஜெர்மன் மிஷனரி சீகன்பால்க் தரங்கம்பாடியில் இறங்கியது 1706. எண்பத்தேழு வருஷம் முன்னாலேயே வந்தவர். தமிழ்ப் பிள்ளைகளோடு மணலில் உட்கார்ந்து அ, ஆ எழுதிக் கற்றவர், 1715-இல் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டு முடித்தவர். இவரைச் சிறையில் போட்டது யார் தெரியுமா? டேனியக் கோட்டையின் கிறிஸ்தவ அதிகாரியேதான். நான்கு மாதம் உள்ளே இருந்தார். தென்னிந்தியத் தெய்வங்களைப் பற்றி அவர் கவனமாக விசாரித்து எழுதியனுப்பிய நூலை, ஜெர்மனியில் அவரை அனுப்பிய பெரியவர்களே அச்சிட மறுத்தார்கள். அது வெளிவர 1867 ஆனது. வெள்ளைக்காரனும் சுவிசேஷமும் கைகோத்து வந்தார்கள் என்று எழுதும் புத்தகமும், மிஷனரி என்றால் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஏஜெண்ட் என்று எழுதும் புத்தகமும் இந்த ஒரு மனிதரிடம் மாட்டிக்கொண்டு முழிக்கும்.

நம் கிறிஸ்தவப் புத்தகக் கடைகளில் கிடைக்கும் தமிழ் மிஷனரி வரலாறுகளும் இதே சோதனையில் தடுக்கி விழுகின்றன. கடலூர்க்காரர்களுக்கு கீர்நாண்டர் என்ற சுவீடன் நாட்டு ஊழியர் தெரிந்திருக்க வேண்டும். 1740-இல் வந்தார். 1758-இல் லாலி என்ற பிரெஞ்சுத் தளபதி தேவனாம்பட்டினத்துப் புனித டேவிட் கோட்டையைப் பிடித்ததும் கல்கத்தாவுக்குப் போய், அங்கே ஆலயம் கட்டிப் பெயர் வாங்கினார். கடைசியில் கடனில் மூழ்கி, அந்த ஆலயமே ஏலத்துக்கு வரும் நிலை வந்தது. இந்தக் கடைசி வரியை எழுதாத கீர்நாண்டர் கதை எனக்கு வேண்டாம். (அந்தக் கோட்டையை ஆங்கிலேயர் 1690-இல் மராட்டியரிடம் வாங்கிய கதையைப் பிள்ளைகளிடம் சொல்லிப் பாருங்கள். பீரங்கிக் குண்டு எதுவரை போய் விழுகிறதோ அதுவரை கம்பெனிக்குச் சொந்தம் என்பது ஒப்பந்தம். குண்டு கிராமங்கள் என்ற பெயரே அப்படி வந்ததுதான். என் மகன் மொட்டை மாடியிலிருந்து டென்னிஸ் பந்து எறிந்து பக்கத்து வீட்டு வாழைத்தோட்டத்தைக் கேட்டுக்கொண்டிருக்கிறான்.)

இனி புதுச்சேரி. இங்கே இருந்துகொண்டு ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பைத் தொடாமல் வரலாறு நடத்துவது எனக்குப் புரியாத விஷயம். பிரெஞ்சு ஆளுநர் டூப்ளேயின் துபாஷியாக (மொழிபெயர்ப்பாளராக) இருந்தவர் 1736 முதல் 1761 வரை தமிழில் எழுதிவைத்தது. முழுவதும் பிள்ளைகளுக்கு ஆகாது, பகுதி பகுதியாக நாம்தான் எடுத்துக் கொடுக்க வேண்டும். நான் எடுத்த இரண்டு பகுதிகளைக் கேட்டு நம் சபையில் சிலருக்கு முகம் மாறியது.

ஒன்று, 1745. சாம்பா கோவில் என்ற யேசு சபை ஆலயத்துக்குள் தலித் கிறிஸ்தவர்களைத் தனியாகப் பிரிக்கும் சுவர் ஒன்று இருந்தது. அவர்கள் குருக்களிடம் முறையிட்டார்கள், சுவர் இடிக்கப்பட்டது, மற்ற சாதிக் கிறிஸ்தவர்கள் கொதித்தார்கள். இரண்டு, 1748. ஆங்கிலேயர் நகரத்தை முற்றுகையிட்டிருந்த நேரத்தில், அதே ஆலயத்தை ஒட்டியிருந்த வேதபுரீஸ்வரர் கோவிலை பிரெஞ்சுக்காரர்கள் இடித்தார்கள். யேசு சபைக் குருக்கள் வெகுகாலமாக விரும்பியது அது. இன்று ஈஸ்வரன் கோவில் தெருவில் இருப்பது பிற்காலத்தில் கட்டியது. மிஷன் வீதியில் நாம் பார்க்கும் கதீட்ரலும் 1791-இல் முடிந்த கட்டடம்தான், பழைய ஆலயத்தை 1761-இல் ஆங்கிலேயர் நகரத்தோடு சேர்த்துத் தரைமட்டமாக்கிவிட்டார்கள்.

"இதையெல்லாம் சின்னப் பிள்ளைகளுக்கு ஏன் சொல்ல வேண்டும்?" என்று ஒரு சகோதரி கேட்டார். நாம் சொல்லாவிட்டால் வாட்ஸ்அப் சொல்லும். அது நாட்குறிப்பைக் காட்டாது, வெறுப்போடு சொல்லும். நாம் சொன்னால் அடுத்த கேள்வியையும் கேட்க வைக்கலாம்: ஆனந்தரங்கப் பிள்ளை ஏன் டூப்ளே மனைவிமேல் இவ்வளவு கோபமாக எழுதுகிறார்? துபாஷி பதவிக்கு, முன்பு அதை வகித்த கனகராய முதலியின் தம்பியும் போட்டியிட்டார், அவர் கிறிஸ்தவர், அந்த அம்மாளின் ஆதரவு கிறிஸ்தவர்கள் பக்கம். அப்படியானால் ஆனந்தரங்கப் பிள்ளை எழுதியதை எந்த அளவுக்கு எடுத்துக்கொள்வது? என் மகள் இதில் அரை மணி நேரம் வாதாடினாள். கோவில் இடிந்தது உண்மை, ஆனால் யார் தூண்டினார்கள் என்பதற்கு இன்னொரு சாட்சியும் வேண்டும் என்று முடித்தாள். பன்னிரண்டு வயதில் இது வந்துவிட்டால், எந்த செட்டை வாங்கினாலும் எனக்குக் கவலையில்லை.

கத்தோலிக்கரைப் பற்றியும் ஒரு வார்த்தை. பல புராட்டஸ்டண்டு செட்டுகள் ரோமைத் திட்டுவதற்கென்றே தனிப் பாடம் வைத்திருக்கின்றன. ஆனால் தமிழ் எழுத்தில் முதலில் அச்சான நூல் யேசு சபையினர் 1578-இல் கொல்லத்தில் வெளியிட்ட தம்பிரான் வணக்கம், யேசு சபைக் குருவான வீரமாமுனிவர் இல்லாமல் தமிழ் அகராதி வரலாறே இல்லை. என் பிள்ளைகளின் பாட்டி வில்லியனூர் மாதா திருவிழாவுக்குத் தவறாமல் போகிறவர். அவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அந்தப் பாடத்தை நான் நடத்தப்போவதில்லை.

அடுத்து காலக்கணக்கு, எல்லாரும் சண்டை போடும் இடம். சில செட்டுகள் முதல் பக்கத்திலேயே கி.மு. 4004 என்று ஆரம்பிக்கின்றன. அது ஜேம்ஸ் அஷர் என்ற ஐரிஷ் பேராயர் 1650-இல் போட்ட கணக்கு. பிற்காலத்தில் ஆங்கில பைபிளின் ஓரத்தில் அச்சிட்டார்கள், மூல வசனத்தில் அது கிடையாது. அவர் கணக்கில் ஜலப்பிரளயம் கி.மு. 2348. நம் தொல்லியல் துறை 2025 ஜனவரியில் வெளியிட்ட அறிக்கையோ தூத்துக்குடி மாவட்டத்துச் சிவகளையில் கிடைத்த இரும்பை கி.மு. 3345 வரை கொண்டு போகிறது. பிள்ளை இரண்டையும் பார்க்கத்தான் போகிறான். தேவன் படைத்தார் என்பது என் விசுவாசம், அஷரின் கணக்கு அஷருடையது. இதில் என்னோடு ஒத்துப்போகாத நண்பர்கள் உண்டு, அவர்கள் வீட்டில் காபி குடித்துக்கொண்டுதான் இதைச் சொல்கிறேன். அதே கறார் எதிர்ப்பக்கமும் வேண்டும்: அப்போஸ்தலர் தோமா கி.பி. 52-இல் இந்தியாவுக்கு வந்தார் என்பதை மரபு என்று எழுதும் புத்தகம் நல்லது. நேற்று நேரில் பார்த்த மாதிரி எழுதுவதும், ஒரே வரியில் கட்டுக்கதை என்று ஒதுக்குவதும் வேண்டாம்.

எங்கள் வீட்டில் முதுகெலும்பு தமிழ்நாட்டுப் பாடநூல் கழகத்தின் புத்தகங்கள். பிடிஎஃப் இலவசம், அச்சுப் பிரதியும் மலிவு. நடை வறட்சிதான், ஆனால் ஆதிச்சநல்லூரும் அரிக்கமேடும் பெரியாரும் இருக்கிறார்கள். பத்தாம் வகுப்பைத் தேசியத் திறந்தநிலைப் பள்ளியில் (NIOS) எழுதப்போகிறவர்கள் அந்தப் பள்ளியின் பாடநூலைக் கடைசி இரண்டு வருஷத்துக்கு வைத்துக்கொண்டால் போதும். அதன்மேல் நாட்குறிப்புப் பகுதிகள், இரண்டு மூன்று வாழ்க்கை வரலாறுகள், ரொமான் ரோலான் நூலகம், அரிக்கமேட்டில் கிடைத்த ரோமானிய ஜாடித் துண்டுகள் இருக்கும் புதுச்சேரி அருங்காட்சியகம். அமெரிக்க செட்டில் ரோம், சீர்திருத்த இயக்கம் பற்றிய பாகங்கள் நன்றாகவே இருக்கின்றன, அவற்றை மட்டும் யாரிடமாவது பழைய பிரதியாக வாங்கிக்கொள்ளுங்கள். முழு செட்டுக்கு வைத்திருந்த பணம் மிச்சமானால், தரங்கம்பாடிக்கு ஒரு வேன் பேசலாம். ஜூலை வெயில் கொஞ்சம் தணியட்டும், நான் வருகிறேன்.