காஃபா சடலங்கள்: பாதி உண்மை

1346இல் கிரீமியாவின் காஃபா நகரை முற்றுகையிட்ட மங்கோலியர் பிளேக் சடலங்களை மதிலுக்குள் வீசியதால்தான் ஐரோப்பாவில் கொள்ளைநோய் பரவியது என்று ஒரு செய்தி சுற்றுகிறது. முன்பாதியை நம்பலாம், பின்பாதி நிற்காது.

வீச்சைப் பதிவுசெய்த இத்தாலியர் காப்ரியேலே டி முஸ்ஸி அதை நேரில் கண்டவரல்லர் என்பதே ஆய்வாளர்களின் பொதுக் கருத்து. நுண்ணுயிரியலாளர் மார்க் வீலிஸ், 2002இல் இதை ஆராய்ந்தார். சிதைந்த சடலங்களை வெறுங்கையால் அப்புறப்படுத்தியவர்களின் கைக்கீறல்கள் வழியே கிருமி புகுந்திருக்கலாம் என்றார். அவ்வளவுதான். கருங்கடல் துறைமுகங்கள் பலவற்றிலிருந்தும் வணிகக் கப்பல்கள் போய்வந்தன. அந்த முற்றுகை நடக்காவிட்டாலும் எலியும் தெள்ளுப்பூச்சியும் அவற்றில் ஏறியிருக்கும். நோயைப் பரப்பியதில் முற்றுகைக்குப் பெரிய பங்கில்லை என்பதே அவர் முடிவு. பகிர்பவர்கள் வசதியாக விட்டுவிடுவதும் அதைத்தான்.